(ஆ) எழவில்லை

சட்டசபை மெம்பரிடம் குமாஸ்தாவாக இருப்பது தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் வேலை மாதிரி: தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் கோவிந்தா பெருமாளுக்கு, சேராவிட்டால் வசவு கட்டை போட்டவனுக்கு. யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் பின்னால் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு நடந்த என் இனத்தார் இந்த ஜில்லாவில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புலம்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நன்றிதான் அதிகமாக வருகிறது. என்ன செய்வது?

வெள்ளைக்காரர் பாதி, நம் மந்திரிகள் பாதி என்று இரட்டை ஆட்சி நடந்த காலம். சட்டசபையை அப்போது கவுன்சில் என்போம். எங்கள் மெம்பர் திருச்சியில் வக்கீல். புத்தூரில் வீடு, வீட்டின் முன்ஹால்தான் ஆபீஸ். நான் உறையூரிலிருந்து நடந்தே போய்விடுவேன். எனக்கு வேலை மூன்று. ஜனங்கள் கொண்டுவரும் மனுவை வாங்குவது ஒன்று. அதைச் சபையில் கேட்கத் தகுந்த கேள்வியாக இங்கிலீஷில் எழுதுவது இரண்டு. மாதக்கணக்கில் காத்திருந்து, பதில் அச்சாகி வந்ததும் அதைத் தமிழாக்கி மனுக்காரருக்குப் படித்துக் காட்டுவது மூன்று. முதல் இரண்டுக்கும் அவர்கள் நம்மைக் கும்பிடுவார்கள். மூன்றாவதற்கு நாம் அவர்களைக் கும்பிட வேண்டியிருக்கும்.

மேஜை

சபையில் கேட்கும் கேள்வியை (அ), (ஆ), (இ) என்று கூறு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். பதிலும் அப்படியே கூறு கூறாக வரும். பாலக்கரைத் தோல் வியாபாரி காதர் பாய் தம் தெருச் சாக்கடையைப் பற்றி மனு கொடுத்திருந்தார். (அ) சாக்கடை உடைந்து கிடப்பது உண்மையா? (ஆ) செப்பனிடும் உத்தேசம் உண்டா? (இ) இல்லையென்றால் காரணம் என்ன? ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் சொந்தத் தமிழில் படித்தேன்: "(அ) ஆம். (ஆ) உண்டு, விவரம் மேஜைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. (இ) எழவில்லை."

'எழவில்லை' என்றால், முன் கூறுக்குச் சொன்ன பதிலாலேயே இந்தக் கூறு எழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அர்த்தம் எனப் பொறுமையாக விளக்கினேன். அந்த ஒரு சொல்லை உண்டாக்க நான் ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கு மேஜைதான் உறுத்தியது. "எந்த மேஜை? எங்க இருக்கு?" என்றார். சென்னைப் பட்டணத்தில், கோட்டையில், சபைக்கு நடுவில் இருக்கிற மேஜை, நீளமான பதிலை வாசிக்காமல் அதன்மேல் வைத்துவிடுவார்கள் என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப ஒண்ணு செய்யுங்க குமாஸ்தா தம்பி. எங்க தெருவுலயும் ஒரு மேஜை வாங்கிப் போடுறேன். சாக்கடையை அதுமேல ஏறிப் போகச் சொல்லுங்க."

ஓட்டு இல்லாதவர்

எங்கள் மெம்பர் நல்லவர். ஆனால் நல்லவருக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணிதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மனு வந்தால், மனுக்காரர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த எண்ணை மூலையில் சிவப்பு மையில் நான் எழுத வேண்டும். சிவப்பு எண் உள்ளவை மேல் கட்டு. இல்லாதவை கீழ்க் கட்டு. வரி கட்டுகிறவனுக்கு மட்டுமே ஓட்டு என்றிருந்த காலம் அது. ஆகவே கீழ்க் கட்டு வயிறு புடைத்துக் கிடக்கும்.

ஒரு ஆவணி மாதம், வையம்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து ஆண்டியப்பன் என்று ஒருவர் வந்தார். பிறத்தியார் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர். ரயிலில் வந்து, ஜங்ஷனிலிருந்து விசாரித்து விசாரித்துப் புத்தூருக்கு நடந்திருந்தார். அவர் ஊரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதில் பிரசவ நர்ஸ் ஒருத்திக்கு வேலை உண்டு, நாற்காலி உண்டு, ஆள்தான் இரண்டு வருஷமாக இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த மூத்த மகள், மாட்டுவண்டியில் மணப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். இப்போது இளையவளுக்கு ஐந்து மாதம். தையில் பிரசவம். அதற்குள் அந்த நாற்காலியில் ஒரு நர்ஸ் உட்கார வேண்டும். அவ்வளவுதான் மனு.

நான் பட்டியலைப் பிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்டேன். "ஓட்டு வீடு இல்லீங்க, கூரைதான்" என்றார். ஹாலில் காத்திருந்த காதர் பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். வீட்டை இல்லை, சட்டசபைக்கு ஆள் அனுப்பப் போடுகிற ஓட்டைக் கேட்கிறேன் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. மனுவின் வெறும் மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அது இல்லீங்க ஐயா. மவதான் இருக்கா."

கோயில் என்று ஓர் ஊர்

அந்த வாரமே எனக்கு வேறொரு தலைவலி. அடுத்த வருஷம் எலெக்‌ஷன். புதிய வாக்காளர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வேதவல்லி அம்மாள் என்று ஒருவர். பிறந்த வீட்டார் கொடுத்த வீடு அவர் பெயரிலேயே இருந்ததால் அவருக்கே ஓட்டு உண்டு. அவருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். தாலுகா ஆபீஸ் அதைத் தள்ளிவிட்டது. காரணம்: 'கோயில் என்ற பெயரில் இந்தத் தாலுகாவில் ஊர் கிடையாது.'

தப்பு என்னுடையது. வைஷ்ணவர்கள் வீடுகளில் ஸ்ரீரங்கத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஆபீஸில் எழுதுகிற ஊர்ப் பெயர் எது என்று யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திருத்தி எழுத, மெம்பரும் நானும் குதிரை வண்டியில் போனோம். "ஊர் பேரை நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றேன். அம்மாள் வாயைத் திறக்கவில்லை. "ஆத்துக்காரர் பேர்?" என்றேன். கோபுரத்தைக் கை காட்டினார். "ரங்கநாதனா?" தலை இல்லை என்று ஆடியது. "ரங்கராஜனா?" "ராஜன் வேண்டாம்." "ரங்கசாமியா?" முகம் மலர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் ஊரிலும் இருக்கிறது, பெருமாளிலும் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னதே இல்லை. ரயில் டிக்கெட்கூட 'அடுத்த ஸ்டேஷன்' என்றுதான் வாங்குவாராம்.

நான் எழுதிக்கொண்டிருக்கையில் அம்மாளின் கண் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டுமேல் போயிற்று. "அது என்ன, தனியா?" என்றார். ஓட்டு இல்லாதவர்களின் மனு என்றேன். கையை நீட்டினார். தமிழ் நன்றாக வாசிப்பவர். மேலே இருந்தது ஆண்டியப்பனுடையது. இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெம்பருக்கு நேராகத் திரும்பினார். நிதானமாகச் சொன்னார்:

"என் பேரைச் சேர்க்கறதுக்கு முன்னாடி இவர் கேள்வியைச் சேர்த்துடுங்கோ. ஓட்டு என்னோடதா இருக்கட்டும், கேள்வி இவரோடதா இருக்கட்டும். அடுத்த வருஷம் நீங்க வந்து நிக்கறச்சே, நான் கேக்கப்போறது அது ஒண்ணுதான்."

அழக் கூடாது

மறுநாளே மெம்பர் ஆண்டியப்பனுக்குக் கார்டு போடச் சொன்னார். அவர் வந்து சேர்ந்ததும் கேள்வியை எழுத உட்கார்ந்தோம். அதற்கு விதிகள் உண்டு. வாதம் செய்யக் கூடாது. அபிப்பிராயம் கூடாது. கதை கூடாது. சபை கூடுவதற்கு இத்தனை நாள் முன்பே நோட்டீஸ் போய்விட வேண்டும். சபைத் தலைவர் சரியென்றால்தான் அச்சில் ஏறும். மனுவில் மூத்த மகள் வண்டியில் என்ன சொன்னாள், எந்த ஆலமரத்தடியில் மூச்சு நின்றது என்றெல்லாம் இருந்தது. மெம்பர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அவருக்கும் மனசில்லை. "கேள்வி அழக் கூடாதய்யா. அழுதால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி. '(அ) மேற்படி ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ் வேலை காலியாக இருப்பது உண்மையா? (ஆ) ஆமெனில், அதனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டதுண்டா?' தமிழில் படித்துக் காட்டினேன். ஆண்டியப்பன் காகிதத்தை வாங்கினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என் மவ எங்கங்க இருக்கா?" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து (ஆ)வின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. எழுந்து போகும்போது சொன்னார்:

"எடம் சின்னதா இருக்கு. பரவால்லீங்க, அவளும் சின்னப் பொண்ணுதான்."

தகவல் வேண்டுமாம்

கார்த்திகையில் கேள்வி சபைக்கு வந்தது. அதே சமயம் தோல் ஏலத்துக்காகக் காதர் பாய் பட்டணம் போக வேண்டியிருந்தது. சபை நடப்பதை யாரும் மேலே கேலரியில் உட்கார்ந்து பார்க்கலாம். மெம்பர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று போதும். "மேஜையையாவது கண்ணால பார்த்துட்டு வரேன்" என்று பாய் சீட்டு வாங்கிக்கொண்டார். கேலரியில் வாயைத் திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது என்று பத்து தரம் சொல்லியனுப்பினேன்.

மெம்பர் எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். மந்திரி எழுந்து, தகவல் கேட்கப்பட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை என்றார். எப்போது வரும் என்று மெம்பர் துணைக் கேள்வி போட்டார். கூடிய சீக்கிரம் என்றார் மந்திரி. வியாபாரத்தில் பழகிய பாய்க்கு 'இன்ஃபர்மேஷன்' என்ற வார்த்தை நன்றாகப் புரியும். எங்கள் ஆபீஸ் ஹாலில் ஆண்டியப்பனோடு அரை நாள் உட்கார்ந்தவர் அல்லவா? எழுந்து நின்று, கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப், நான் திருச்சிதான். எனக்குத் தெரியும், சொல்றேன்!" என்று குரல் கொடுத்திருக்கிறார். இரண்டு டவாலிச் சேவகர்கள் மரியாதையாக அவரை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மெம்பருக்கு வெட்கம் பாதி, சிரிப்பு பாதி. ஊர் திரும்பிய பாய்க்கு வெட்கமே இல்லை. கோபம்தான்.

"தகவல் இல்லை, தகவல் இல்லைங்கிறாங்க. தகவலை எடுத்துக்கிட்டு ஒருத்தன் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தா, வாசலைக் காட்டுறாங்க. இது என்ன மஜ்லிஸ் தம்பி? ஆனா மேஜையைப் பார்த்துட்டேன், பெரிய மேஜைதான்."

சுலபமான வழி

மார்கழி பிறந்தது. பதில் வரவில்லை. ஆண்டியப்பனும் வரவில்லை. எனக்கு நாட்காட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. சபை அடுத்துக் கூடுவது மாசியில். குழந்தை மாசி வரை காத்திருக்காது. எத்தனையோ கேள்விகள் எழுதியிருக்கிறேன், தூக்கத்தைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் காப்பி ஹோட்டலில், அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிற போர்டின் குமாஸ்தா ஒருவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், அவரும் நம் இனம்தான். என்னைக் கண்டதும் கும்பிடு போட்டு, "உம்ம கேள்வி என்னைப் படுத்துகிற பாடு இருக்கிறதே" என்று ஆரம்பித்தார். கோட்டையிலிருந்து இலாகாவுக்கு, இலாகாவிலிருந்து ஜில்லாவுக்கு, ஜில்லாவிலிருந்து போர்டுக்கு என்று ஒவ்வொரு படியிலும் கனம் கூடிக்கொண்டே அந்த இரண்டு வரி இறங்கி வந்திருக்கிறது. ஏன் காலி என்று எழுத வேண்டும். காரணம் எழுதினால், அந்தக் காரணத்துக்குக் காரணம் கேட்டு இன்னொரு கடிதம் வரும். மனிதர் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டாராம். எத்தனை வருஷம் சட்டசபையில் உழன்றும் எனக்குத் தெரியாத ரகசியத்தை அன்று அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். கேள்வி வேலை செய்வது பதில் வரும்போது அல்ல. பதில் எழுத முடியாமல் ஒருவன் தவிக்கும்போது. அந்தக் காப்பி அன்று என் உபயம்.

"ஏன் ஆள் இல்லைன்னு எழுத ஒரு காரணமும் கிடைக்கலை ஓய். தேடினதுல ஆள்தான் கிடைச்சா. போட்டுட்டோம், போன வாரம் வேலையில சேர்ந்தாச்சு."

(ஆ)

மாசியில் சபை கூடி, பதில் அச்சாகி வந்தது. மந்திரி சபையில் எழுந்து பதிலைப் படிக்கிற அன்று நிலைமை என்னவோ அதைத்தானே சொல்வார்? '(அ) இல்லை. (ஆ) எழவில்லை.' வேலை காலியா? இல்லை, ஆள் இருக்கிறாள். அப்படியானால் உயிர்ச்சேதம் பற்றிய கேள்வியே எழவில்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் ஆலமரத்தடியில் மூச்சு நின்ற அந்தப் பெண் இருந்த ஒரே இடம் (ஆ)தான், அதையும் துடைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை மேஜை டிராயரின் அடியில் போட்டுவிட்டேன். ஆண்டியப்பன் வராமலிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். நானே உண்டாக்கிய சொல்லை அவர் முன் எப்படிப் படிப்பேன்?

வந்தார். தோளில் ஒரு துணி மூட்டை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளைப் பற்றிக் கேட்க எனக்கு நா எழவில்லை. அவரும் சொல்லவில்லை. "பதில் வந்திருக்குன்னு ஸ்டேஷன்ல காதர் பாய் சொன்னாரு. படிங்க ஐயா" என்று நின்றார். தாளை எடுத்தேன். "(அ) இல்லை" என்று படித்தேன். தலையாட்டினார். அடுத்ததை வேகமாக, முணுமுணுப்பாகப் படித்து முடித்துவிட்டேன். அவர் விடவில்லை. விரலைத் தாளின்மேல் வைத்து, "மூத்தவ இருந்த எடம் இதானுங்களே? இதுக்கு என்ன போட்டிருக்காங்க? நல்லா நிறுத்திப் படிங்க" என்றார். வேறு வழியில்லை. நிறுத்திப் படித்தேன்: "எழவில்லை."

"எழவு இல்லைன்னா போட்டிருக்காங்க?"

சொல்லைத் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் மூட்டையை அவிழ்த்து வேர்க்கடலையை என் மேஜைமேல் கொட்டினார், ஃபைல் எல்லாம் மூடிப்போகும்படி. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. திருத்தத் தோன்றாமல் நானும் அழுதேன், இன்றுவரை திருத்தவுமில்லை.

"நெசம்தானுங்களே ஐயா! தை இருவத்தி ரெண்டு, பேத்தி பொறந்திருக்கா, தாயும் நல்லாருக்கா. நர்ஸம்மா ரெண்டு நாள் கூடவே இருந்துச்சு. மூத்தவளுக்குத்தான் ஆயிப்போச்சு, அவளுக்கப்புறம் எங்க ஊருல எழவு இல்லைன்னு கோட்டையில இருக்கிறவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே!"

எட்டு வருஷம் சட்டசபையைத் தமிழாக்கிச் சம்பளம் வாங்கினவன் நான், அதற்கு அர்த்தம் சொன்னவர் ஓட்டே இல்லாத ஆண்டியப்பன்.